சனிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டுற கடை



கோடை விடுமுறை தொடங்கினால் எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் பெட்டியோடு திரிவார்கள். லண்டனில் இருப்பவர்கள் ஒஸ்லோவுக்குக் கலியாணத்துக்கு, ரொறன்ரோவில் இருப்பவர்கள் பாரிசுக்கு, கடைசியில் எல்லாரும் ஊருக்கு. நோர்வேயில் இருக்கிற எங்களிடம் அந்த நாட்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "ஏனப்பா உங்கட நாட்டில ஒரு வைன் போத்தல் வாங்கிறதுக்கு இவ்வளவு கஷ்டம்?" கேட்பவர் பெரும்பாலும் சனிக்கிழமை பின்னேரம், ஏதோ ஒரு சுப்பர்மார்க்கெட்டில் நின்றுகொண்டு, தொலைபேசியில்தான் கேட்பார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்கிற அவசரம் குரலில் இருக்கும்.

இந்த முறைத் தலையங்கம் அந்தக் கேள்விக்குப் பதில். முதலில் வழி சொல்கிறோம், பிறகு அரசியல் கதைப்போம்.

முதலில் நடைமுறை

நோர்வேயில் 4.7 வீதத்துக்கு மேல் மதுச்செறிவு உள்ள எதையும் சுப்பர்மார்க்கெட் விற்கக் கூடாது. பியரும் சைடரும் அங்கே கிடைக்கும். அதுவும் வேலைநாட்களில் இரவு எட்டு மணி வரை, சனிக்கிழமை ஆறு மணி வரைதான். நகரசபை விரும்பினால் இதையும் குறைக்கலாம். நேரம் தாண்டினால் காசாளரிடம் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. ஒரு நிமிசம் பிந்தினாலும் எடுத்து வைத்துவிடுவார்.

வைனுக்கும் அதைவிடக் கடுமையானதுக்கும் ஒரே கடைதான், அரசுக்குச் சொந்தமான வின்மொனொபொலெ. சனம் சுருக்கமாகப் 'பொலெ' என்று சொல்லும். அங்கே சட்டப்படி வேலைநாட்களில் ஆறு மணிக்கும் சனிக்கிழமை நாலு மணிக்கும் விற்பனை நிற்க வேண்டும். சின்ன ஊர்களில் அதற்கு முன்னமே பூட்டிவிடுவார்கள். ஞாயிறு பூட்டு. மே 1, மே 17 பூட்டு. வைன் வாங்க 18 வயது வேண்டும், 22 வீதமும் அதற்கு மேலும் உள்ளதை வாங்க 20 வயது. முகத்தைப் பார்த்து 25க்குக் கீழே என்று தோன்றினால் அடையாள அட்டை கேட்பார்கள், ஆகவே கடவுச்சீட்டைக் கொண்டு போங்கோ. வெறியில் நிற்பவருக்கு விற்கமாட்டார்கள். வயது குறைந்த ஒருவருக்காக நீங்கள் வாங்குவதாகத் தெரிந்தாலும் விற்கமாட்டார்கள்.

விலையைப் பார்த்துத் திடுக்கிடாதேங்கோ. மதுவரி போத்தலின் விலையில் இல்லை, உள்ளே இருக்கிற மதுசாரத்தின் அளவில். 13 வீத வைன் என்றால் ஒரு போத்தலுக்கு ஏறத்தாழ 50 குரோனர் மதுவரி, அதற்கு மேல் 25 வீதம் பெறுமதி சேர் வரி. ஆனால் ஒஸ்லோ நடு மையத்தில் என்ன விலையோ அதே விலைதான் வடக்கே பின்மார்க் கரையோரத்திலும். தட்டில் இல்லாததைக் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். எந்த வைன் எந்தக் கறிக்குப் பொருந்தும் என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். விலை கூடினதை உங்கள் தலையில் கட்டவேண்டிய தேவை அந்தத் தொழிலாளிக்கு இல்லை.

இந்த விலை முறையில் ஒரு விசித்திரம் உண்டு. வரி மதுசாரத்தின் அளவில், கடையின் இலாப விகிதத்துக்கும் உச்ச வரம்பு. அதனால் மலிவு வைன் நோர்வேயில் மிக விலை, மிக விலை கூடின வைன் ஒப்பளவில் மலிவு. பர்கண்டியின் பெயர் போன வைன்கள் வெளியாகும் நாளில் கடை வாசலில் இரவிரவாக வரிசை நிற்கும். கடைசித் தட்டில் இருக்கிற சாதாரண சிவப்பு வைனை வாங்குகிற துப்புரவுத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

மீனுக்காக வந்த வைன்

இந்தக் கடை எங்கிருந்து வந்தது? நோர்வேயில் மதுவுக்கு எதிரான இயக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பலமானது. அதில் கிறிஸ்தவ சபைகளும் இருந்தன, தொழிலாளர் இயக்கமும் இருந்தது. கூலி வாங்கிற நாளில் தொழிலாளியின் கூலியைக் குடிக்கடை பறிப்பதைத் தொழிற்சங்கக்காரர் கண்ணால் பார்த்தவர்கள். 1919இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 வீதம் பேர், கடுஞ்சாராயத்துக்கும் போர்ட், செரி போன்ற செறிவான வைன்களுக்கும் போட்ட தடை தொடரவேண்டும் என்று வாக்களித்தார்கள்.

தடைக்குச் சிக்கல் வெளியிலிருந்து வந்தது. பிரான்சும் ஸ்பெயினும் போர்த்துக்கலும் நோர்வேயின் மீனை வாங்குகிற நாடுகள். எங்கட வைனை வாங்காவிட்டால் உங்கட மீனும் வேண்டாம் என்று அவை நெருக்கின. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன்தான் அன்றைக்கு நோர்வேயின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. அரசு இறங்கி வந்தது. வைனை வாங்குவோம், ஆனால் யாரும் அதை விற்றுப் பணக்காரராக விடமாட்டோம் என்பதுதான் கிடைத்த சமரசம். 1922 நவம்பர் 30இல் வின்மொனொபொலெ உருவானது. செறிவான வைன் தடை 1923இலும் கடுஞ்சாராயத் தடை 1927இலும் நீங்கின. கடை மட்டும் நிலைத்தது. 1939இலிருந்து அது முழுக்க அரச உடைமை.

இந்தக் கதையில் மீன் வருவது எங்களுக்கு முக்கியம். 1980களிலும் 90களிலும் நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதல் வேலை பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான். என் பெற்றோரும் அந்தத் தலைமுறை. மீனை விற்கிறதுக்காக வைனை உள்ளே விட்ட நாட்டுக்கு, பிறகு மீன் வெட்ட எங்கள் சனம் வந்தது. அந்த நாட்களில் நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் கடைதான். பல மீன்பிடிக் கிராமங்களில் கடையே இல்லை, தபாலில்தான் வரவேண்டும். இன்றைக்கு ஏறத்தாழ 350 கடைகள் இருக்கின்றன.

1994இல் ஐரோப்பியப் பொதுச் சந்தைக்குள் நோர்வே வந்தபோது இந்த அமைப்பு உடையும் என்று பலர் நினைத்தார்கள். இறக்குமதியும் மொத்த வியாபாரமும் தனியாருக்குப் போயின. சில்லறை விற்பனை மட்டும் தப்பியது. சுவீடனில் ஹாரி பிரான்சேன் என்ற கடைக்காரர் சட்டத்தைச் சோதிக்கவே தன் கடையில் வைன் விற்றார். அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. எந்த நாட்டு வைனையும் பாரபட்சம் இல்லாமல் நடத்தினால் அரசு சில்லறை ஏகபோகத்தை வைத்திருக்கலாம் என்று 1997இல் தீர்ப்பு வந்தது. சந்தைச் சட்டத்துக்குள்ளேயே சந்தைக்கு வெளியே ஒரு இடத்தை மக்கள் காப்பாற்ற முடிந்த அரிய சம்பவங்களில் இது ஒன்று.

ஏன் இடதுசாரிகள் இதைக் காக்கவேண்டும்

"குடிக்கிறவன் எங்கேயும் குடிப்பான்" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். தரவு வேறு சொல்கிறது. 1969இல் பின்லாந்து நடுத்தரப் பியரை மளிகைக் கடைகளில் விற்க அனுமதித்தது. ஒரே ஆண்டில் நாட்டின் மொத்த மது நுகர்வு 46 வீதம் கூடியது. சுவீடனும் 1965இல் இதேபோல் ஒன்றைச் செய்து, இளையவர்கள் குடிக்கத் தொடங்கியதைப் பார்த்து 1977இல் திரும்பப் பெற்றது. விலை, கிடைக்கும் இடமும் நேரமும், விளம்பரத் தடை: மதுவின் கேட்டைக் குறைக்க அரசுகள் செய்யக்கூடியவற்றில் இந்த மூன்றையும்தான் உலக சுகாதார நிறுவனம் முன்னால் வைக்கிறது. நோர்வேயில் 1975இலிருந்து மது விளம்பரமே கிடையாது. பொதுச் சுகாதாரம் படிக்கிற எனக்கு இவை வகுப்பில் கேட்ட பாடம். ஆனால் கலியாண மண்டபத்தின் கார்த்தரிப்பிடத்தைப் பார்த்தாலே இது விளங்கும்.

அதையும் வெளிப்படையாகக் கதைப்போம். எங்கள் மண்டபங்களில் உள்ளே குத்துவிளக்கு, வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பிளாஸ்ரிக் கோப்பை. யாரும் பார்க்கவில்லை என்று எல்லாரும் நடிக்கிற இடம் அது. இரவு வீட்டுக்குக் கார் ஓட்டுவது பெரும்பாலும் அம்மாமார், அக்காமார். அடுத்த நாள் வேலைக்கு ஏன் வரவில்லை என்று மேலாளருக்குப் பொய் சொல்வதும் அவர்கள்தான். குடியின் கணக்கை வீட்டில் யார் தீர்க்கிறார் என்று கேட்காமல் மதுக் கொள்கை பற்றிக் கதைக்க முடியாது. சனிக்கிழமை நாலு மணிக்குக் கடை பூட்டுவது பயணிக்கு ஒரு தொந்தரவு. நிறுத்த முடியாமல் குடிக்கிற ஒருவரின் வீட்டில் அந்தப் பூட்டு ஒரு அமைதியான ஞாயிறைக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

"வைனைச் சுப்பர்மார்க்கெட்டில விட்டா என்ன? சனத்துக்குச் சுதந்திரம்தானே?" என்று வலதுசாரிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். யாருக்குச் சுதந்திரம் என்று திருப்பிக் கேட்கவேண்டும். நோர்வேயின் மளிகைச் சந்தையில் 90 வீதத்துக்கு மேல் மூன்று குழுமங்களின் கையில் இருக்கிறது. பொலெ இன்றைக்குச் சின்னத் தோட்டக்காரரின் வைனையும் பெரிய நிறுவனத்தின் வைனையும் பெயர் தெரியாமல் சுவைத்துப் பார்த்துத் தெரிவு செய்கிறது. நாளைக்கு அந்தத் தெரிவை மூன்று தலைமை அலுவலகங்கள் செய்யும். அரச ஏகபோகம் போய்த் தனியார் ஏகபோகம் வரும், கூடவே கூட விற்கவேண்டும் என்ற நெருக்குதலும் வரும்.

இந்த அரிப்பு ஏற்கனவே தொடங்கிவிட்டது. பின்லாந்தில் 2024 ஜூனிலிருந்து மளிகைக் கடைகள் 8 வீதம் வரையான புளிக்கவைத்த மதுவை விற்கலாம். சுவீடனில் 2025 ஜூனிலிருந்து உற்பத்தியாளரின் பண்ணையிலேயே விற்கலாம். ஒன்ராரியோத் தோழர்கள் இதை நேரில் பார்த்தார்கள். 2024 ஜூலையில் எல்.சி.பி.ஓ.வின் 9,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், அந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதல்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று, கலந்து அடைத்த மதுபானங்களைத் தனியார் கடைகளுக்குக் கொடுக்காதே என்பது. இரண்டு வாரத்துக்கு மேல் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஆனாலும் அந்தச் செப்டெம்பரிலேயே மூலைக்கடைகளில் வைன் வந்துவிட்டது. மூலைக்கடை நடத்துகிற எங்கள் ஆட்களுக்கு அதில் நாலு காசு கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சங்கச் சம்பளத்தில் நடந்த ஒரு வேலை, நள்ளிரவில் தனியே நிற்கிற ஒரு மாணவியின் வேலையாக மாறியதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

வானத்தில் இருக்கிற ஓட்டை

இனி எங்கள் பக்கத்துக் குறை. நோர்வேயின் மதுக் கொள்கையில் மிகப் பெரிய ஓட்டை விமான நிலையத்தில் இருக்கிறது. ஒஸ்லோவில் இறங்கினால் பெட்டி எடுக்கப் போகிற வழியிலேயே தீர்வையற்ற கடை. ஒரு ஆள் ஒரு லீட்டர் கடுஞ்சாராயம், ஒன்றரை லீட்டர் வைன், இரண்டு லீட்டர் பியர் கொண்டுவரலாம். கடுஞ்சாராயம் வேண்டாம் என்றால் மூன்று லீட்டர் வைன். முழு அளவையும் எடுத்தால் 400 குரோனருக்கு மேல் மதுவரி மிச்சம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கிடையே இந்தச் சலுகையை 1999இலேயே நிறுத்திவிட்டது. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிற நோர்வேயோ, 2005இலிருந்து வந்திறங்குகிறவர்களுக்கும் விமான நிலையத்தில் விற்கத் தொடங்கியது.

இதன் பொருளை யோசியுங்கோ. அரசு சொல்கிறது: மது கேடு, ஆகவே இலாபத்துக்கு விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, வரி கட்டவேண்டும். அதே அரசின் விமான நிலையத்தில், தனியார் நிறுவனம் ஒன்று, வரி இல்லாமல், கண் கூசுகிற வெளிச்சத்தில், வழியை மறித்து விற்கிறது. யார் அங்கே வாங்குகிறார்? பறக்கிறவர். அடிக்கடி பறக்கிறவர் அடிக்கடி வாங்குகிறார். விடுமுறைக்கு எங்கும் போக முடியாத தாதி உதவியாளர் முழு வரியும் கட்டுகிறார். மேலே சொன்ன பர்கண்டிக் கதையையும் இதோடு சேர்த்துப் பாருங்கோ. கட்டுப்பாட்டின் பாரம் கீழே இருப்பவர் தலையில், விலக்கு மேலே இருப்பவர் கையில்.

2020இல் எல்லைகள் பூட்டப்பட்டபோது பொலெயின் விற்பனை ஏறத்தாழ 40 வீதம் கூடியது. மதுச்சாலைகள் பூட்டியிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் வழக்கமாக எவ்வளவு மது விமான நிலையம் வழியாகவும் சுவீடன் எல்லை வழியாகவும் வருகிறது என்பதை அந்த ஆண்டு எல்லாருக்கும் காட்டியது.

அப்ப ஏன் ஓட்டையை அடைக்கவில்லை? அரச நிறுவனமான அவினோர்தான் நாட்டின் பெரும்பாலான விமான நிலையங்களை நடத்துகிறது. அவற்றில் பல நட்டத்தில் ஓடுபவை. தீர்வையற்ற கடையின் குத்தகைக் காசுதான் அந்த நட்டத்தின் ஒரு பகுதியை நிரப்புகிறது. அதாவது ஒஸ்லோவில் விற்கிற விஸ்கி, பின்மார்க்கில் ஒரு சின்ன ஓடுபாதையைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் பெற்றோர் முதன்முதலில் இறங்கிய ஓடுபாதைகளும் இவற்றுக்குள் அடக்கம். நோயாளியை ஆசுப்பத்திரிக்கு ஏற்றுகிற ஓடுபாதை தேவைதான். ஆனால் அதை ஏன் விஸ்கியில் கட்டவேண்டும்? நல்ல காரியம் ஒன்றைப் போத்தலோடு கட்டிவிட்டால், பிறகு யாராலும் போத்தலைக் குறைக்க முடியாது.

குடியில் வாழும் அரசு

இந்த வசனத்தைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. பிரித்தானியர் இலங்கையில் சாராயக் குத்தகையை ஏலம் விட்டார்கள், தவறணைக் காசில் ஆட்சி நடந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் டாஸ்மாக். 1983இல் மொத்த வியாபாரத்துக்குத் தொடங்கிய நிறுவனம், 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் டாஸ்மாக்கும் பொலெயும் ஒரே சாதி: அரசுக்குச் சொந்தம், தனியாருக்கு இடமில்லை. ஆனால் டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தக் காசில்லாமல் அடுத்த வரவுசெலவுத் திட்டம் போட முடியாது. எந்தக் கட்சி வந்தாலும் "படிப்படியாகக் குறைப்போம்" என்று சொல்வதோடு நிற்பது அதனால்தான்.

அங்கே வேலை செய்கிற இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு தசாப்தங்களாகப் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் தொகுப்பூதியம்தான். மதுவிலக்குக் கேட்ட காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் கைபேசிக் கோபுரத்தில் நடந்த போராட்டத்தில் இறந்தார். அதே ஆண்டு டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன்மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கடையை எதிர்த்துப் பாடினாலே தேசத்துக்குத் துரோகம் என்றால், அந்த அரசு எதில் தங்கி நிற்கிறது என்று விளங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசுக் கடைகள் இருந்தும் அந்த ஏழைகள் தப்பவில்லை.

நோர்வே அரசுக்கும் மதுவரி வருகிறது. ஆனால் அந்தக் காசு நின்றால் அரசு விழாது. வித்தியாசம் அங்கேதான். கடை அரசிடம் இருக்கிறதா என்ற கேள்வியோடு இடதுசாரிகள் நின்றுவிடக் கூடாது. விற்பனை குறைந்தால் அந்த அரசு சந்தோசப்படுமா, பயப்படுமா என்பதையும் கேட்கவேண்டும். டாஸ்மாக் பயப்படும். அவினோரும் இந்த விசயத்தில் பயப்படும். பொலெ பயப்படத் தேவையில்லாதபடி கட்டப்பட்டது, அதைத்தான் காக்கவேண்டும்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. ஒன்று, வைனைத் தனியார் கடைக்கு விடுகிற எந்த முயற்சியையும், எந்த நாட்டிலும், அங்குள்ள கடைத் தொழிலாளர் சங்கத்தோடு நின்று எதிர்ப்போம். இரண்டு, வந்திறங்கும் இடத்துத் தீர்வையற்ற மது விற்பனையை நிறுத்தவேண்டும். சின்ன விமான நிலையங்களுக்கான காசை அரசு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வெளிப்படையாகக் கொடுக்கட்டும். மூன்று, தமிழ்நாட்டில் டாஸ்மாக் தொழிலாளரின் பணி நிரந்தரமும் கடைகளைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கைகள் என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ. மாற்று வேலையோடு இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

நாலாவது எங்களுக்கு. இந்தக் கோடையில் யார் வீட்டுக்குப் போனாலும் விமான நிலையப் போத்தல்தான் மரியாதை என்ற வழக்கத்தைக் கொஞ்சம் யோசிப்போம். அந்த வீட்டில் யாராவது நிறுத்தப் பாடுபடுகிறார் என்பது வெளியில் இருந்து பார்க்கிற எங்களுக்குத் தெரியாது. விரும்பினால் வைன் குடியுங்கோ, அதில் பிழையில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமே பொலெக்குப் போய், முழு வரியும் கட்டி, ஒரு போத்தல் வாங்குங்கோ. சனிக்கிழமை நாலு மணி தாண்டிவிட்டால் நல்ல மாம்பழம் ஒரு பெட்டி தமிழ்க்கடையில் கிடைக்கும், அது ஞாயிறும் திறந்திருக்கும்.

உங்கள் நாட்டில் மது விற்பனை எப்படி நடக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கோ. அடுத்த மடலில் போடுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக